குழந்தைகளோடு கிம்பாப் உருட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியாவில் சுவோன் நகருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாலர் பள்ளியில் சுற்றுலா என்று அறிவிப்பு வந்தால் போதும், எங்கள் குடியிருப்பில் புதிதாக வந்த தமிழ் அம்மாக்களிடமிருந்து ராத்திரி பத்து மணிக்கு எனக்கு அழைப்பு வரும். இங்கே சுற்றுலா என்றால் டப்பாவில் கிம்பாப் இருக்க வேண்டும், அது எழுதாத சட்டம். ஊரில் இருக்கும் தங்கைகளும் இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பதிலை இருபது தடவை சொன்ன அலுப்பில் இதை எழுதி வைக்கிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். கீழே இருப்பதில் பாதி அவர்கள் கெடுத்துக் கற்றுக்கொடுத்தது.

கிம்பாப்னா என்ன அக்கா? சுஷிதானே அது?

கிம் என்பது தாள் போலக் காயவைத்த கடற்பாசி. பாப் என்றால் சோறு. பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவில் காய், முட்டை வைத்துச் சுருட்டி வட்டமாக நறுக்கினால் கிம்பாப். சுஷி சோற்றில் வினிகரும் சர்க்கரையும் சேரும். கிம்பாப் சோற்றில் உப்பும் வறுத்த எள்ளின் எண்ணெயும்தான். உள்ளே வைப்பதும் பெரும்பாலும் சமைத்ததாகவே இருக்கும். பச்சை மீன் இருக்குமோ என்ற பயம் வேண்டாம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய சுருள் சோற்றிலிருந்து வந்தது என்பார்கள். இல்லை, வருடத்தின் முதல் பௌர்ணமிக்குச் சோற்றைக் கிம்மில் மடித்துச் சாப்பிடும் தங்கள் பழக்கத்திலிருந்து வந்தது என்று கொரியர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சுஷி என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள்.

எத்தனை வயசுப் பிள்ளையைக் கூடச் சேர்த்துக்கலாம்?

இரண்டு வயதானாலே சேர்க்கலாம், வேலையை ஆளுக்குத் தகுந்த மாதிரி பிரித்துக் கொடுத்தால். இரண்டு, மூன்று வயதுக்கு அரிசி கழுவுவதுதான் சொர்க்கம். பாத்திரத்தை வாளிக்குள் வைத்துக் கொடுங்கள், சிந்துவது வாளியிலேயே விழும். இன்னொரு நல்ல வேலை, மத்சலைக் கிழிப்பது. மத்சல் என்பது நண்டு வாசனை சேர்த்த மீன் குச்சி. நார் நாராக உரியும் என்பதால் கத்தியே வேண்டாம். என் பையன் ஒரு குச்சியைக் கிழிக்க ஐந்து நிமிடம் எடுப்பான், பாதி வாய்க்குள் போகும். அதனால் ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள்.

நான்கு, ஐந்து வயதில் சோற்றைப் பரப்பலாம், காய்களை வரிசையாக அடுக்கலாம். ஆறு வயதில் முட்டை உடைக்கலாம், வதக்கிய கேரட்டை மழுங்கிய கத்தியால் வெட்டலாம். உருட்டுவது எட்டு வயதுக்கு மேல்தான் ஒழுங்காக வரும். அதற்கு முன் உங்கள் கை அவர்கள் கைமேல் இருக்கட்டும். அடுப்பும் நறுக்கும் கத்தியும் எந்த வயதிலும் பெரியவர் பக்கம்தான்.

முக்கியமான ஒன்று: சமைக்க வேண்டியதையெல்லாம் பிள்ளைகள் வருவதற்கு முன்பே சமைத்துத் தட்டில் ஆறவைத்துவிடுங்கள். முட்டையை வார்த்து எடுப்பதற்குள் பையன் கிம்மைத் தொப்பியாக்கியிருப்பான்.

நாலு உருளைக்கு என்னென்ன, எவ்வளவு வேணும்?

குக்கரோடு வரும் 180 மி.லி. கோப்பையில் இரண்டு கோப்பை கொரிய அரிசி, அதாவது சுமார் 300 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சம அளவு தண்ணீரில் வேகவையுங்கள். சாப்பாட்டுச் சோற்றைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் உருட்ட வரும். வெந்ததும் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எள் எண்ணெய், கொஞ்சம் வறுத்த எள். உள்ளே வைப்பவற்றிலும் உப்பு இருக்கிறது, அதனால் சோற்றில் கை அடக்கமாக இருக்கட்டும்.

உள்ளே வைக்க மூன்று முட்டை, ஒரு கேரட், ஒரு கட்டுப் பசலைக்கீரை, நான்கு குச்சித் தன்முஜி, நான்கு மத்சல். தன்முஜி என்பது மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கிம்பாப் நீளத்துக்கே வெட்டிய பொட்டலம் எல்லாக் கடையிலும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அதைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் உப்பு குறையும். கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, சொட்டு ஈரமில்லாமல் பிழிய வேண்டும். கேரட்டைச் சன்னமாகச் சீவி வதக்குங்கள். முட்டையைத் தடித்த அடையாக வார்த்து நீளமாக வெட்டுங்கள். பன்றி இறைச்சி ஹாம் வைப்பது இங்கே வழக்கம், நாங்கள் வைப்பதில்லை, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஊர்ல இருக்கேன், பொன்னி அரிசில வருமா?

புழுங்கல் பொன்னியில் வராது. வீணாக மெனக்கெட வேண்டாம். புழுங்கவைத்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக வருவதற்கென்றே இருப்பது. கொரிய அரிசி குட்டையானது, அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் தானாகவே ஒட்டும்.

கொரிய அரிசியோ ஜப்பானிய அரிசியோ கிடைக்காவிட்டால் பச்சரிசியை எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக இருந்தால் இன்னும் நல்லது. வெண்பொங்கலுக்கு ஒரு படி முன்னால் நிறுத்திய மாதிரி குழையவிட்டு, சூட்டிலேயே கரண்டியின் பின்புறத்தால் லேசாக மசித்தால் உருட்ட வரும். ருசி வேறுதான், ஆனால் பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கொரியர்கள் இருக்கும் இடங்களில் அவர்கள் கடைகள் உண்டு, கிம்மும் அரிசியும் அங்கே ஒன்றாகவே கிடைக்கும்.

எள் எண்ணெய்தானே, நம்ம நல்லெண்ணெய் ஊத்தினா என்ன?

ஊற்றலாம், வாசனை மட்டும் தோசைப்பொடி வாசனையாக இருக்கும். செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. கொரியர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிகிறார்கள், சம்கிரும் என்று பெயர். நிறம் பழுப்பு, ஒரு சொட்டு விட்டாலே வீடு மணக்கும்.

கிடைக்காவிட்டால் ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெடிக்கும் வரை வறுத்து, அம்மியிலோ உரலிலோ கரகரப்பாக இடித்து, வாசனையில்லாத எண்ணெயோடு சோற்றில் கலந்துவிடுங்கள். இடிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். என் பெண் ஒரு எள் விடாமல் இடிப்பாள்.

கடையில கிம் பத்து வகை இருக்கே, எதை எடுக்கறது?

உறையின் மேல் உருட்டிய கிம்பாப் படம் போட்டது. வறுத்தது, எண்ணெய் உப்பு இல்லாதது, கிட்டத்தட்ட 19க்கு 21 செ.மீ. அளவில் தடிப்பாக இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக எண்ணெயும் உப்பும் தடவி வருவது சோற்றோடு தொட்டுக்கொள்ள, உருட்டினால் கிழியும். சுஷிக்கென்று விற்கும் நோரித் தாளும் சரிதான்.

என் பெண்ணின் வகுப்பில் பாதிப் பேருக்குக் கிம் என்றுதான் குடும்பப் பெயர். கொரியாவில் சுமாராக ஐந்தில் ஒருவர் கிம். "அவங்களையா சாப்பிடறோம்?" என்று கேட்டாள். கடற்பாசியை முதலில் வளர்த்தவர் தெற்குக் கரையில் குவாங்யாங் ஊரைச் சேர்ந்த ஒரு கிம், அதனால்தான் அந்தப் பெயர் என்று இங்கே ஒரு கதை உண்டு. அதைச் சொல்லிச் சமாளித்தேன்.

சோத்தைப் பரப்பினதுமே கிம் சுருங்கிப் போகுது, ஏன்?

சோறு சூடாக இருக்கிறது. ஆவி பட்டதும் தாள் முறுக்கிக்கொள்ளும். சோற்றை அகலத் தட்டில் கொட்டி, கையில் வைத்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும் வரை ஆறவிடுங்கள். ஒரேயடியாகச் சில்லென்று ஆகிவிட்டால் ஒட்டாது. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு விசிறியோ அட்டையோ கொடுத்தால் ஆறவைப்பது அவர்கள் வேலையாகிவிடும். என் முதல் கிம்பாப் இப்படித்தான் போனது. குக்கரிலிருந்து நேராக எடுத்துப் பரப்பினேன், தாள் அப்பளம் மாதிரி சுருண்டது.

எப்படி உருட்டினாலும் பக்கம் பிளந்துடுது. என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் சோறு அதிகம். ஒரு தாளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 150 கிராம் போதும். கிம்மில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பளபளப்பு கீழே, சோறு சொரசொரப்பின் மேல். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பருக்கைகளுக்கு நடுவே கிம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்புங்கள். மேல் ஓரத்தில் மூன்று, நான்கு செ.மீ. வெறுமனே விடுங்கள். காய்களை நடுவில் வைக்காமல் உங்கள் பக்கம் தள்ளி வைத்து, கீழ் ஓரத்தைத் தூக்கிக் காய்களைத் தாண்டிச் சோற்றில் ஒட்டும்படி மூடி, ஒரு அழுத்து அழுத்திவிட்டு மிச்சத்தை உருட்டுங்கள். ஓரத்தில் நாலு பருக்கையை நசுக்கினால் அதுதான் பசை. ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் விடுங்கள்.

மூங்கில் பாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான கைத்துண்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து உருட்டலாம். நறுக்கும்போது கத்தியில் எள் எண்ணெய் தடவி, அழுத்தாமல் ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள்.

இவ்வளவு செய்தும் பிளந்தால் இன்னொரு அரைத் தாளை மேலே சுற்றிவிடுங்கள். யாராவது உளறினால் கொரிய மொழியில் "கிம்பாப் விலா வெடிக்கிற சத்தம்" என்பார்கள். பழமொழி ஆகும் அளவுக்கு அவர்கள் வீட்டிலும் வெடித்திருக்கிறது. ஆறு வயதுக்காரி உருட்டியதற்கு மேலே ஒரு சுற்று போடுவதை நான் அவள் கண்முன்னால் செய்வதில்லை.

மூணு வயசுப் பையன், தொண்டையில் சிக்கிடாதா?

சிக்கும் வாய்ப்பு உண்டு, இந்தப் பயம் நியாயமானது. ஈரம் பட்ட கிம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தொண்டையிலும் ஒட்டும். முழு வட்டத்தைச் சின்னப் பிள்ளை வாயில் திணித்தால் மெல்ல இடமிருக்காது. முதல் சுற்றுலாவுக்கு நான் பெரியவர்கள் அளவில் நறுக்கி அனுப்பினேன். "துண்டுகள் பெரியவை, கத்தரித்துக் கொடுத்தோம்" என்று ஆசிரியை சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு தாளை நான்காக வெட்டி, விரல் தடிப்பில் உருட்டுகிறேன். இங்கே இதற்குக் கோமா கிம்பாப் என்று பெயர், கோமா என்றால் பொடிசு. ஒரு உருளையில் இரண்டே காய் போதும். கேரட் பச்சையாக வேண்டாம், நசுங்கும் அளவுக்கு வேகட்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கிம்மைக் கத்தரியால் பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்துவிடுவது நல்லது. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ கூடாது, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

ஒவ்வாமையும் கேட்பார்கள். எள், முட்டை இரண்டும் இதில் நேரடியாக இருக்கின்றன. மத்சலில் மீன், கோதுமை, முட்டை எல்லாம் கலந்திருக்கலாம். இறால், நண்டு ஆகாத பிள்ளை என்றால் கிம் உறையின் பின்புறத்தையும் படியுங்கள். கடலிலிருந்து வருவதால் அதோடு பொடி நண்டினங்கள் ஒட்டி வருவதுண்டு.

நாங்க சுத்த சைவம். முட்டை, மீன் இல்லாம நல்லா இருக்குமா?

நன்றாகவே இருக்கும். 2023-ல் அமெரிக்காவில் உறையவைத்த கிம்பாப் அலமாரியில் நிற்காமல் விற்றுத் தீர்ந்ததே, அது முட்டைகூட இல்லாத, வறுத்த டோஃபு (சோயாப் பனீர்) வைத்த சைவக் கிம்பாப்தான். டோஃபுவை நீளமாக வெட்டி, ஈரம் ஒற்றி, பொன்னிறமாக வறுத்து, கொஞ்சம் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துப் புரட்டுங்கள். பனீரும் இப்படிச் செய்யலாம். இந்த உருளைக்குத் தன்முஜி கட்டாயம் வேண்டும், புளிப்பு இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். கடையில் வாங்கும்போது மட்டும் கவனம். "காய்கறிக் கிம்பாப்" என்று பலகையில் இருந்தாலும் உள்ளே ஹாம் அல்லது மீன் அடை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

கீரையைப் பார்த்தாலே உருவி வெளியே போடுறா. என்ன பண்றது?

கீரைக்குப் பதில் வெள்ளரி வையுங்கள். விதைப் பகுதியை எடுத்து, நீளமாகச் சீவி, உப்பில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்தது. கோடையில் கீரை சீக்கிரம் கெட்டுப்போகும் என்று கொரிய வீடுகளிலும் இதைத்தான் வைப்பார்கள்.

எதை வைப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஐந்து கிண்ணம் வைத்து மூன்றை எடு என்றால் போதும். என் பெண் ஒரு தடவை முட்டை, முட்டை, முட்டை என்று மூன்று எடுத்தாள். சரி என்று உருட்டினோம்.

காலைல அஞ்சு மணிக்குச் செஞ்சா மதியம் வரைக்கும் தாங்குமா?

குளிர் காலத்தில் தாங்கும். கோடையில் வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 2021 கோடையில் சியோலுக்குத் தெற்கே சொங்னாம் நகரில் ஒரு கிம்பாப் கடையில் வாங்கிச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். காரணம் சால்மொனெல்லா. முட்டை உடைத்த கையால் கிம்பாப்பைத் தொட்டால் அது ஒட்டிக்கொள்ளும். பிள்ளை முட்டை உடைக்கலாம் என்று இரண்டாவது பதிலில் சொன்னேன், உடைத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவ வைப்பதும் அதில் சேர்த்தி. சோற்றுக்கும் தனி வில்லன் உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆக, செய்த கிம்பாப்பை நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்க்கும். ஐஸ் பை வைத்த குளிர்ப் பையில் அனுப்புங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து உருட்டியதை அனுப்பவே அனுப்பாதீர்கள், அது வீட்டில் உடனே சாப்பிட மட்டும். சுற்றுலா டப்பாவுக்கு நீங்கள் தனியாக விடியலில் எழுந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

மிச்சத்தை ஃபிரிட்ஜ்ல வச்சேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு.

குளிரில் சோறு இறுகத்தான் செய்யும், நம் பழைய சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். துண்டுகளை அடித்த முட்டையில் முக்கி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் மறுநாள் காலைச் சாப்பாடு. பிள்ளைகள் புதிதைவிட இதைத்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது என் வீட்டு வயிற்றெரிச்சல். ஒன்று, ஆறியவுடனே ஃபிரிட்ஜுக்குப் போனதை மட்டும்தான் இப்படிச் செய்ய வேண்டும், காரணம் முந்தின பதிலில் இருக்கிறது.

சின்னவன் ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டான். இவ்வளவு வேலை ஆகுமா?

அவனுக்கு ஜுமொக்பாப் செய்யுங்கள். ஜுமொக் என்றால் முஷ்டி. அதே உப்பு, எள் எண்ணெய்ச் சோறு, நொறுக்கிய கிம், பொடியாக நறுக்கிய கேரட், முட்டை, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டியதுதான். கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டால் ஒட்டாது. உறை கழன்று சோற்றுக்குள் போகாமல் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுவது என் வீட்டு ஏற்பாடு. நிலாச்சோறு பிசைந்து உருட்டிப் பழகிய நமக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்.

எளிய சாப்பாடு என்று இதை இங்கே யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் ராணுவத்தை எதிர்த்து நின்றபோது, சந்தைப் பெண்கள் உருட்டிக் கொடுத்தது இந்த உருண்டையைத்தான்.

உருட்டறான், அடுக்கறான், ஆனா வாயிலயே வைக்க மாட்டேங்கறான்!

வெறும் சோற்றை மட்டும் வைத்து உருட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், அதற்குப் பெயரே உண்டு, சுங்மு கிம்பாப். தெற்குக் கரையில் இப்போது தொங்யோங் என்று சொல்லும் ஊருக்கு 1995 வரை சுங்மு என்று பெயர். கடலுக்குப் போகிறவர்களின் சோறு கெட்டுவிடாமலிருக்க, உள்ளே ஒன்றும் வைக்காமல் விரல் அளவு உருட்டி, காரமான கணவாயையும் முள்ளங்கிக் கிம்ச்சியையும் தனியாகக் கொடுத்தார்கள். பையனுக்குக் காரத்தை விட்டுவிட்டு, முட்டையைப் பக்கத்தில் வையுங்கள். கலந்திருப்பது பிடிக்காத பிள்ளைகள் நிறைய, அவர்களுக்கு எது எதுவென்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதையும் தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். என் பையன் நான்கு முறை உருட்டிவிட்டு ஐந்தாவது முறைதான் கடித்தான்.

ரெண்டு பக்க நுனி அசிங்கமா நீட்டிக்கிட்டு இருக்கே, வெட்டி எறிஞ்சிடலாமா?

ஐயோ, வேண்டாம். அதற்குக் கோதாரி என்று செல்லப்பெயரே இருக்கிறது. சோறு குறைவு, முட்டையும் தன்முஜியும் வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும், உருளையிலேயே ருசியான இடம் அதுதான். டப்பாவில் அடுக்க மாட்டார்கள், நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் வாய்க்குப் போகும். சுற்றுலா நாள் விடியலில் அம்மாக்களின் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். என் வீட்டில் ஒரு உருளைக்கு நுனி இரண்டு, பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நிற்கும் பிள்ளைகளும் இரண்டு.